பேச்சிராஜா இன்று காலை எழுதியது

காலை நாலு ஐம்பதுக்கு முதல் வண்டி செம்பூர் சலவை ஆலைக்குள் பின்பக்கமாக நுழைந்து நின்றது. பத்து ஆஸ்பத்திரிகளின் நேற்றைய நோய் மூட்டை மூட்டையாக அதற்குள் இருந்தது. தப்ரேஸ் இழுத்துத் தள்ளினான், செண்பகவல்லி அவிழ்த்துக் கொட்டினாள். ரத்தம் காய்ந்த விரிப்புகள் ஒரு பக்கம், மூத்திரத்தில் ஊறியவை ஒரு பக்கம், பச்சை அங்கிகள் ஒரு பக்கம். ஆவியும் ப்ளீச்சிங் நெடியும் கண்ணைக் கரித்தன. ஆறு மணிக்குள் எல்லோருடைய கண்ணும் அழுது முடித்ததுபோல் சிவந்துவிடும். இதில் நிர்வாகத்துக்கு ஒரு வசதி உண்டு: யாராவது உண்மையாகவே அழுதாலும் தெரியாது.

மூன்றாவது மூட்டையில் கையுறையைத் தாண்டிச் சுருக்கென்றது.

"சுயி?" என்றான் தப்ரேஸ்.

"சுயிதான்" என்றாள் செண்பகவல்லி.

தாராவியில் பிறந்த தப்ரேஸுக்குத் தமிழும், அதே சந்தில் வாழ்க்கைப்பட்டுப் பதினாறு வருஷமான அவளுக்கு இந்தியும் பாதிப்பாதி தெரியும். ஊசிக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டு விரலைக் கழுவிவிட்டு, தூணில் மாட்டியிருந்த கம்பெனி டேப்லெட்டில் பட்டியலைத் திறந்தாள். இருநூற்றுத் தொண்ணூற்றேழாவது வரி. எந்த ஆஸ்பத்திரி, எந்த மூட்டை, எந்த விரல் என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள்.

திரையின் மேல்மூலையில் ஒரு பச்சை வட்டம். அதற்குள் 'பே'. பேச்சிராஜா இப்போது உள்ளே இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

பேச்சிராஜா செத்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

துவைத்த துணியை அசுர வேகத்தில் சுழற்றிப் பிழியும் இயந்திரத்தை அங்கே ஹைட்ரோ என்பார்கள். மூடி பூட்டினால்தான் அது சுழல வேண்டும். மூன்றாம் நம்பர் ஹைட்ரோ திறந்தபடியே சுழன்றது. வெளியே தொங்கிய விரிப்பின் நுனியை உள்ளே தள்ளப்போன பேச்சிராஜாவின் கையையும் விரிப்பு என்றே எண்ணி அது எடுத்துக்கொண்டது. அவர் செத்த இரண்டாம் நாள் புதுப் பூட்டு வந்து சேர்ந்தது. இப்போது மூடி பூட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வார்கள். ஏன் நிறுத்தினாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

பட்டியல் அவர் ஆரம்பித்துவைத்தது. கம்பெனியின் சொந்த மென்பொருளில் துணி கிழிந்தால் எழுத இடம் உண்டு, கறை போகாவிட்டால் எழுத இடம் உண்டு. கை கிழிந்தால் இடமில்லை. அதனால் அவர் இலவசமாகக் கிடைத்த ஒரு கிளவுடு பட்டியலைத் தன் பெயரில் திறந்து, டேப்பில் ஏற்றி, "ஆளுக்கொரு பாஸ்வேர்டு வச்சா ஆளுக்கொரு தடவ மறப்பிய. எம்பேருலயே எல்லாரும் எழுதுங்க" என்று விட்டுவிட்டார். பதினோரு பேரும் எழுதினார்கள். சூப்பர்வைசர் பிரம்மநாயகமும் அதே டேப்பில்தான் படித்துவிட்டுக் கீழே பதில் எழுதுவார். இஸ்திரிப் பகுதி நெல்லையப்பனின் வரிகள் முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்தில் இருக்கும். சின்னதாக்கும் பட்டனை அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் யார் எழுதினாலும், வரிக்குப் பக்கத்தில் பெயர் பேச்சிராஜா. யாருக்கும் ஆபத்தில்லாத ஏற்பாடு என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் செத்த பிறகும் டேப்பிலிருந்து அவரை வெளியேற்ற ஒருவருக்கும் விரல் வரவில்லை.

அன்று பதினொரு மணிக்கு வேலையை நிறுத்தி எல்லோரையும் மடிப்புக் கூடத்துக்கு வரச்சொன்னார்கள். கதவில் ஒரு நோட்டீஸ்: 'அனுமதியற்ற மேகக்கணி மென்பொருள் பயன்பாட்டுக் கட்டுப்பாடு.' தமிழைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளான ஜான்சி அதை இரண்டு முறை வாசித்தாள்.

"என்னட்டி போட்டிருக்கு?" என்றார் நெல்லையப்பன்.

"தமிழுலதான் போட்டிருக்கு சித்தப்பா. யாராவது இந்தியில சொன்னா வெளங்கும்."

சுவரில் ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டி, அதன்மேல் புரொஜெக்டர் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த வெங்கடேஷ் என்ற கம்ப்யூட்டர் ஆள் பக்கத்தில் நின்றான். முதலாளி ஞானதுரை நாற்காலியில் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று சலவை ஆலை கண்டவர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் எல்லோரையும் பிள்ளைகளா என்பார். குடும்பம்போல நடந்த ஆலை. யாரை வேண்டுமானாலும் வீட்டைவிட்டு அனுப்பலாம் என்பதுவரை.

"சார், நம்ம டேப்ல வெளி சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்கள கண்ட்ரோல் சிஸ்டம் புடிச்சிருக்கு" என்றான் வெங்கடேஷ். "டாப் யூசர் ஒருத்தர்தான். டெய்லி காலைல அஞ்சு மணிக்குள்ள வந்துடறார். லீவே கெடையாது."

"யாருய்யா அது?"

வெங்கடேஷ் பட்டனைத் தட்டினான். வெள்ளை விரிப்பில் பேச்சிராஜாவின் பெயர் ஆள் உயரத்துக்கு விழுந்தது. காற்றாடிக் காற்றில் விரிப்பு மெல்ல மூச்சுவிட்டது. கூடத்தில் வேறு யாரும் விடவில்லை.

"உசுரோட இருக்கையில லேட்டு லேட்டுன்னு மெமோவா குடுத்தாவ" என்று நெல்லையப்பன் முணுமுணுத்தார். "இப்பம் பாரு, லீவே கெடையாதாம்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "பிள்ளைகளா, வெளையாட்டா இது? ஆஸ்பத்திரி பேரு, ஊசி, ரத்தம், எல்லாத்தையும் எவன் வீட்டு கம்ப்யூட்டர்லயோ ஏத்தி வச்சிருக்கிய. வெளிய தெரிஞ்சா ஒரு வண்டி இங்க வராது. வண்டி வரலன்னா எனக்கும் வேல இல்ல, ஒங்களுக்கும் இல்ல. தம்பி, முழுசா அழி."

வெங்கடேஷ் அழிப்பதற்காகப் பட்டியலைத் திறந்து கீழே இறக்கிக்கொண்டே போனான். அண்ணாச்சியின் கை உயர்ந்தது. "நிறுத்து. அதப் படி."

வெங்கடேஷ் படித்தான். "இருநூத்திப் பன்னெண்டு. 'ஹைட்ரோ மூணு மூடி பூட்டு பிடிக்கல. தொறந்தே சுத்துது. சீக்கிரம் பாக்கணும்.' எழுதினது பேச்சிராஜா. அவர் இறந்துபோறதுக்குப் பத்தொம்பது நாள் முன்னாடி. இருநூத்திப் பதிமூணு, 'பார்த்தேன். அடுத்த வாரம் ஆள் வரும்.' இதுவும் பேச்சிராஜா."

தாளில் பார்த்தால் ஒரு மனிதர் தனக்குத்தானே முறையிட்டு, தனக்குத்தானே பதில் சொல்லி, அடுத்த வாரம் ஆள் வருவதாகத் தனக்கே வாக்கும் கொடுத்துவிட்டுச் செத்திருந்தார்.

அண்ணாச்சியின் முகம் இஸ்திரி போட்டதுபோல் சுருக்கமில்லாமல் ஆனது. "அழிக்காத தம்பி. அவன் செத்த நாள் வரைக்கும் பிரிண்ட் எடு. திங்கக்கெழம ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வாராரு. பூட்டு கெட்டது அவனுக்கே தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சே கைய விட்டிருக்கான். நான் என்ன செய்ய முடியும்?"

சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு படிவம் வந்தது. ஜான்சி வாசித்தாள்: நான் அனுமதியற்ற எந்த மென்பொருளையும் பயன்படுத்தியதில்லை; மேற்படிப் பட்டியல் காலஞ்சென்ற பேச்சிராஜா ஒருவரால் மட்டுமே எழுதப்பட்டது. காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மன்னிப்பு. கொடுக்காதவர்கள் பயன்படுத்தியவர்கள், அவர்களுக்கு வேலை இல்லை.

செண்பகவல்லி படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியை எழுதியது அவள்.

அன்றைக்கு ஈரத்துணி வாங்கப் போனவள் மூடி திறந்தபடி சுற்றுவதைப் பார்த்தாள். டேப்பில் எழுதினாள். டீ குடிக்கப் போனாள். பிரம்மநாயகம் கீழே பதில் எழுதியிருந்ததைப் பார்த்தபோது கடமை முடிந்தது என்றே நினைத்தாள். நாற்பத்தோரு நாளாக அந்த டீ அவள் தொண்டையில் நிற்கிறது. 'டக்' என்று கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் மேலே வருகிறது.

தாராவியில் பஸ்ஸைவிட்டு இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நாலு சந்து தள்ளி அன்னத்தாய் வீட்டுக்குப் போனாள். பேச்சிராஜாவின் மனைவி தோல்பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் அவருடைய போன் சார்ஜில் கிடந்தது.

"அத எதுக்கு இன்னும் சார்ஜ் போடுதிய மதினி?"

"காலையில அஞ்சு மணிக்கு டிங்குனு அடிக்கும்" என்றாள் அன்னத்தாய். "நீங்க அதுல எழுதுனா இதுல அடிக்கும்போல. அவிய வேலைக்குப் போய்ச் சேந்தாச்சுன்னு நெனச்சுக்கிட்டு எந்திரிப்பேன். அடிக்கலன்னாத்தான் பயமா இருக்கும்."

செண்பகவல்லி படிவத்தைப் பற்றிச் சொன்னாள். இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொன்னாள். கடைசியில், தலையை நிமிர்த்தாமல், அந்த வரி தன்னுடையது என்றும் சொன்னாள்.

தையல் மெஷின் நின்றது. அது மறுபடி ஓட ஆரம்பிக்கும் என்று செண்பகவல்லி காத்திருந்தாள். ஓடவில்லை.

"எழுதுன, சரி" என்றாள் அன்னத்தாய். "அவிய கிட்ட வாயால ஒரு வார்த்த சொன்னியாட்டி?"

"இல்ல மதினி."

"ஏன்?"

"எழுதியாச்சுன்னு நெனச்சேன்."

அன்னத்தாய் நெடுநேரம் அவளைப் பார்த்தாள். மன்னிப்பதற்கான முகமாக அது இல்லை. பிறகு எழுந்து போனை எடுத்து அவள் மடியில் போட்டாள். "இப்பமாச்சும் வாயால சொல்லு. இந்தப் பட்டியல ஒங்க எல்லாருக்கும் அவனவன் பேருல தெறந்து விட முடியுமா? எங்க அமுக்கணும்னு காட்டு. நான் அமுக்குதேன்."

பதினோரு பெயர்களையும் ஒவ்வொன்றாக அன்னத்தாயின் பெருவிரலே அமுக்கிச் சேர்த்தது.

"பிரம்மநாயகத்தையும் சேரு" என்றாள்.

"அந்த மனுசனையா?"

"அவருக்கும் ஒரு வரி இருக்குல்லா."

மறுநாள் விடியுமுன் கிளம்பிய பஸ்ஸில் செண்பகவல்லி எல்லோரிடமும் வாயால் சொன்னாள்: அந்த வரி தன்னுடையது, அவரவர் வரியை அவரவர் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். தப்ரேஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தான். "நாம் தியா தோ நோக்ரி கயி, அக்கா. பேர் குடுத்தா வேல போச்சு. வீட்ல அஞ்சு பேர்."

"படிவத்துல கையெழுத்துப் போட்டா வேல இருக்கும்" என்றார் நெல்லையப்பன். "அந்த மூடி டக்குங்கும்போது எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்ப?"

இறங்கும் இடம் வருவதற்குள் தப்ரேஸ் தன் படிவத்தை எடுத்துத் திருப்பினான். "என் வரி நம்பரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? பேனா தே."

வண்டி வந்து நின்றிருந்தது. மூட்டைகளை யாரும் இறக்கவில்லை. அண்ணாச்சி அத்தனை காலையில் ஆலைக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும். பக்கத்தில் சாவிக்கொத்தோடு பிரம்மநாயகம், பின்னால் லேப்டாப்போடு வெங்கடேஷ். செண்பகவல்லி பதினோரு படிவங்களையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். முன்பக்கம் கையெழுத்தில்லாத வெற்றுக் கோடு. பின்பக்கம் பெயர், அதற்குக் கீழே வரி எண்கள்.

"என்ன இது?"

"யாரு யாரு எந்த வரி எழுதுனதுன்னு போட்டிருக்கோம் அண்ணாச்சி. எரநூத்திப் பன்னெண்டு என்னுது. பூட்டு கெட்டத நான்தான் பாத்தேன், நான்தான் எழுதுனேன். அவரு எழுதல."

"அனுமதியில்லாம யூஸ் பண்ணோம்னு நீங்களே எழுதிக் குடுக்கிய. பதினோரு பேரையும் இப்பமே அனுப்பலாம். தெரியும்லா?"

"தெரியும்."

"பேச்சிராஜா பேருல இருக்க வரிய நீ எழுதுனேங்கதுக்கு என்ன அத்தாச்சி?"

"நீங்க அவரு செத்த நாளோட பிரிண்ட்ட நிறுத்திட்டிய" என்றாள் செண்பகவல்லி. குரல் நடுங்கியது. நடுங்கியபடியே போகட்டும் என்று விட்டாள். "மிச்சத்தையும் எடுங்க. செத்தப் பொறவும் அவரு பேருல அம்பத்தாறு வரி இருக்கு. அதே டேப்பு, அதே பேரு. நேத்து என் வெரல்ல குத்துன ஊசிய அவரு சுடுகாட்டுல இருந்து வந்தா எழுதுனாரு?"

அண்ணாச்சி வெங்கடேஷைப் பார்த்தார்.

"லாஜிக்கா கரெக்ட் சார்" என்றான் வெங்கடேஷ். கேட்டால் சொல்லிவிடுவது அவன் சுபாவம். "நம்ம கண்ட்ரோல் ரிப்போர்ட்டே அதத்தான் சொல்றது. அதையும் இன்ஸ்பெக்டர் கேக்கலாம்."

அண்ணாச்சி படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எல்லாவனும் வரியப் பிரிச்சு எடுத்துக்கிட்டிய. அந்த எரநூத்திப் பதிமூணு? 'பார்த்தேன், அடுத்த வாரம் ஆள் வரும்.' அத எவன் எழுதுனான்?"

"அது எங்களுது இல்ல. ஆள் வரச்சொல்ல எங்களுக்கு ஏது அதிகாரம்?"

யாரும் பிரம்மநாயகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த சாவிக்கொத்து மட்டும் ஒருமுறை குலுங்கியது.

"மூட்டையத் தொடாதிய" என்றார் அண்ணாச்சி. அவர் இம்முறை பிள்ளைகளா என்று சொல்லவில்லை. "எல்லாரும் வெளிய நில்லுங்க."

வெளியே நின்றார்கள். ஊசி இருக்கிறதோ இல்லையோ தெரியாத மூட்டைகளோடு இரண்டாவது வண்டியும் வந்து முதல் வண்டியின் பின்னால் நின்றது. ஜான்சி போனை எடுத்தாள். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். பட்டியல் திறந்தது. மேல்மூலையில் இத்தனை நாளும் ஒரே ஒரு பச்சை வட்டம் இருந்த இடத்தில் செ, த, நெ, ஜா என்று வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. தப்ரேஸ் விரல்விட்டு எண்ணினான். பதினொன்று.

பன்னிரண்டாவதாக 'பே' வந்தது.

செண்பகவல்லிக்கு மட்டும் தெரியும், நாலு சந்து தள்ளி ஓர் அலமாரியிலிருந்து போன் இறங்கியிருக்கிறது. தெரிந்தும் கையில் மயிர் குத்திட்டது. 'பே' இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிக்கு வந்து நின்றது. அவள் அந்த வரியின் ஓரத்தில் தட்டினாள்: எழுதியது செண்பகவல்லி. நெல்லையப்பன் தன் வரிக்குப் போய்ப் பெரிய எழுத்தில் தன் பெயரை அடித்தார். கீழே கீழே பெயர்கள் முளைத்தன.

ஆலைக்குள் சங்கு ஊதியது. வேலைநேரம். பதினோரு பேரும் நகரவில்லை.

அப்போது பதின்மூன்றாவது வட்டம் வந்தது. 'பி.' அது நேராக இருநூற்றுப் பதிமூன்றாவது வரிக்குப் போய் நின்றது. எதுவும் எழுதவில்லை.

"எழுதுவாரா?" என்று ஜான்சி கிசுகிசுத்தாள்.

"தெரியல" என்றாள் செண்பகவல்லி.

அந்த வட்டம் அங்கேயே நின்றது. எழுதவுமில்லை, வெளியேறவுமில்லை. அதன் நேர்மேலே, ஒரு வரி தள்ளி, பேச்சிராஜாவும் நகராமல் நின்றார். கேட்டுக்கு வெளியே எல்லோரும் தலைகளை ஒன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.