மூடியின் உட்புறம்

சின்ன முதலாளி சரவணக்குமார் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் மேசையில் வைத்தபோது, டிசைனர் சங்கரலிங்கம் பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தான். படத்தின் நாலு மூலையிலும் செலோடேப் ஒட்டியிருந்தது. டேப்போடு சுவரின் சுண்ணாம்பும் உரிந்து வந்திருந்தது. எந்தச் சுவர் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து, தாள் எண்ணும் மாரிசெல்விக்குக் கொடுத்தவனே அவன்தான். அவள் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருந்தாள்.

“அண்ணே, நம்ம வெள்ளக்காரி வெடிக்கு இதான் ரெண்டாவது லேபிள். பெட்டி மூடிக்கு மேல அவ வயசுல இருந்த மூஞ்சி. மூடியத் தொறந்தா உள்ளுக்க இந்த மூஞ்சி. வெடிக்கு முன்னே, வெடிக்குப் பின்னேன்னு ரெண்டு வரி. வடக்க இருக்க பார்ட்டிக்கு போன்ல சொன்னேன். சிரிச்சு உருண்டுட்டான்.”

பின்னால் நின்ற மிஷின்மேன் செல்வக்குமார் எட்டிப் பார்த்தான். “ஏ யப்பா, இதப் பாத்தா புள்ளைக காய்ச்சல்ல விழுந்துரும்லா” என்று அவனும் சிரித்தான். பாக்கு அதக்கிய வாயோடு அவன் சிரித்ததில் ஒரு துளி தெறித்து படத்திலிருந்த கிழவியின் வெந்த கன்னத்தில் விழுந்தது. சரவணக்குமார் அதைக் கட்டைவிரலால் துடைத்து, விரலை மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டான்.

திருத்தங்கலில் இருக்கும் அந்த அச்சகத்தில் வெடி லேபிள்தான் பிரதானம். முன்பெல்லாம் அம்மன் படம் போட்டார்கள். தீபாவளி மறுநாள் தெருவெல்லாம் அம்மன் முகம் கிழிந்து கிடந்து மிதிபடுகிறதே என்று பெரிய முதலாளி பலவேசம் அண்ணாச்சி ஒரு நாள் மனம் நொந்து அதை நிறுத்தினார். பிறகு நம்மூர் நடிகைகளைப் போட்டார்கள். அதில் ஒருத்தி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாள். “வெளிநாட்டுக்காரியாப் பாருடே. செத்துப்போனவளா இருந்தா இன்னும் நல்லது. கேக்க நாதி இருக்காது” என்றார் அண்ணாச்சி. சங்கரலிங்கம் தேடி எடுத்தவள்தான் கிளாரிசா வெய்ன். ஒரு காலத்தில் ஹாலிவுட்டையே ஆண்டவள்.

லேபிளில் ஒரு வழக்கம் உண்டு. படத்து முகம் வெடியின் பெயரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பெயருக்கு முதுகைக் காட்டினால் சரக்கு நகராது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஒரு டிசைனில் பெயர் வலது ஓரமாக வந்தது. அதற்கு அவளுடைய வலது கன்னம் தெரிகிற படம் வேண்டும். கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டால் முகவெட்டே மாறிவிடும் என்பது சங்கரலிங்கத்தின் கட்சி. அதனால் தேடினான். நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. அச்சுக்குத் தோதான தெளிவில் இருந்ததெல்லாம் அவள் முப்பது வயதுக்கு மேல் எடுத்தவை. எல்லாவற்றிலும் இடது கன்னம் மட்டுமே. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் சிவகாசி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, அவள் வாழ்க்கையை வாசித்தான்.

துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் ஒருத்தியின் மகள் அவள். பதினாறு வயதில் படத்துக்கு வந்தாள். கம்பெனிக்காரர்கள் அவள் பெயரை மாற்றினார்கள், பல்லை மாற்றினார்கள், எப்போது பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்பதைக்கூட ஒப்பந்தத்தில் எழுதினார்கள். முப்பத்தெட்டுப் படங்கள், மூன்று கல்யாணங்கள். இருபத்தொன்பதாம் வயதில் படப்பிடிப்பில் பெரிய விளக்கு ஒன்று வெடித்து வலது கன்னம் வெந்துபோனது. ஊருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு பதினோரு வருஷம், மாடிப்படி, கதவு, நாற்காலி என்று எல்லாவற்றையும் அவளுடைய இடது கன்னத்துக்குத் தோதாகச் செய்தார்கள். நாற்பதானதும் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அவளை யாரும் பார்க்கவில்லை. எழுபத்திரண்டாம் வயதில் ஒரு விருது கொடுக்கக் கூப்பிட்டபோது மேடையேறினாள். முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினாள். வலது கன்னத்தைக் கேமராக்களுக்குக் காட்டியபடி அசையாமல் நின்றாள். அந்தப் படம்தான் இது.

இந்தக் கதையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரம் தொடர்கதை மாதிரி சொன்னான். தாள் எண்ணும் பெண்கள் சோற்றில் கையை வைத்தபடி கேட்டார்கள். “அந்த முப்பது வருசமும் சோறு யாருண்ணே பொங்கிப் போட்டா?” என்றாள் அய்யம்மாள். மாரிசெல்வி மட்டும், “எந்தப் பக்கம்ணே?” என்றாள்.

அவள் முன்பு சாத்தூர்ப் பக்கம் ஒரு வெடி யூனிட்டில் வேலை பார்த்தவள். நாலு வருஷத்துக்கு முன்பு அவள் இருந்த அறை தீப்பிடித்ததில் இடது கன்னமும் கழுத்தும் போனது. அதன்பிறகு இங்கே தாள் எண்ண வந்தாள். இடது பக்கம் சுவர் இருக்கிற மூலையாகப் பார்த்து உட்காருவாள். வலது பக்கம் என்று சங்கரலிங்கம் சொன்னதும் சிரித்துவிட்டாள். “அப்ப நாங்க ரெண்டு பேரும் சேந்தா நல்லதா ஒரு மொகம் தேறும்.” அவள் அங்கே சிரித்து அன்றுதான் பார்த்தார்கள். மறுநாள் அவன் அந்தப் படத்தை எடுத்துவந்து கொடுத்தான். அவள் அதைத் தன் மூலைச் சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி ஒட்டிக்கொண்டாள்.

“காயம் பத்தலண்ணே” என்றான் சரவணக்குமார், ஸ்கேன் ஆகி வந்த படத்தைப் பார்த்து. “கொஞ்சம் மெஜந்தாவ ஏத்துங்க. பச்சப் புண்ணு மாதிரி இருக்கணும்.”

சங்கரலிங்கத்தின் கை பழக்கத்தில் மவுசை நகர்த்தியது. கன்னம் சிவந்தது. “இன்னும்” என்றான் சின்ன முதலாளி. இன்னும் சிவந்தது. “அப்பிடிப் போடு” என்று பின்னாலிருந்து செல்வக்குமாரின் குரல். பதினைந்து வருஷமாக எத்தனையோ முகங்களில் பருவை எடுத்திருக்கிறான், தழும்பை மறைத்திருக்கிறான், கண்ணுக்கு ஒளி கொடுத்திருக்கிறான். இன்றைக்குத்தான் ஒரு மனுஷியின் ஆறிய புண்ணைத் திரும்பக் கீறிவிடுகிறான். அதையும் எவ்வளவு நேர்த்தியாக! எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினான். கையில் எதுவும் இல்லை. ஆனாலும் கழுவினான்.

“என்னால முடியாதுங்க.”

“ஏண்ணே, அவ ஒங்களுக்கு அத்த மகளா?” என்றான் சரவணக்குமார்.

சிரிப்புக்கு நடுவே அவன் பெரிய முதலாளி அறைக்குப் போனான். பலவேசம் அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதரில்லை. ஆடி மாதம் முழுக்க இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்துபோகிறவர்களுக்கு மோர்ப்பந்தல் போடுகிறவர்.

“அண்ணாச்சி, அம்மன் மொகம் மிதிபடுதுன்னு அன்னைக்கு நீங்கதான நிறுத்துனீக?”

“அது சாமிடே. இவ கூத்தாடுன பொம்பள.”

“இத நம்ம மாரிசெல்வியும்லா அண்ணாச்சி எண்ணணும்?”

அண்ணாச்சிக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். பிறகு, “சீசன் ஆர்டர், மாத்த முடியாது. ஒனக்கு மனசு ஒப்பலன்னா நீ செய்ய வேண்டாம், வெளிய குடுத்துக்கிடுதோம். சந்தோசம்தானே?” என்றார்.

சங்கரலிங்கத்துக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவன் கையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ள அவர் அனுமதி கொடுத்துவிட்டார். தானும் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டோமே என்பது அதைவிட அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மாரிசெல்வி சுவரைப் பார்த்துவிட்டு அவனிடம் வந்தாள். “அண்ணே, எம் படத்த யாரு எடுத்தது?” அவன் குனிந்துகொண்டு, “காத்துல விழுந்திருக்கும்மா. வேற எடுத்துத் தாரேன்” என்றான். சுண்ணாம்பு பெயர்ந்த நாலு இடத்தையும் அவள் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை லேபிள் அச்சாகி வந்தது. மாரிசெல்வி இருக்கன்குடிக்குப் போய்விட்டு மதியம் வருவதாகச் சொல்லி அரைநாள் லீவு எடுத்திருந்தாள். மிஷினிலிருந்து தாள்கள் கட்டுக்கட்டாக எண்ணும் மேசைக்கு வந்தன. ஒரு தாளில் பன்னிரண்டு முகங்கள். பன்னிரண்டிலும் பச்சைப் புண். சங்கரலிங்கம் அய்யம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். எப்படிச் செய்தான், எதுவரை செய்தான் என்பதையும் சொன்னான். அய்யம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா நீரு. கத சொன்னாராம் கத.”

அவ்வளவுதான். போய் உட்கார்ந்து முதல் கட்டைக் குப்புறக் கவிழ்த்தாள். அச்சில் பிழை இருந்தால் தெரிய வேண்டும் என்று முகம் மேலே தெரியத்தான் எண்ணுவார்கள். அவள் வெள்ளை முதுகு மேலே வரப் போட்டு எண்ண ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்த சோலையம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. தன் கட்டைக் கவிழ்த்தாள். அடுத்தவள் கவிழ்த்தாள். கொஞ்ச நேரத்தில் மேசை முழுக்க வெள்ளைத் தாள்தான்.

சரவணக்குமார் வந்து கத்தினான். “என்ன குப்புறப் போட்டு எண்ணுதீக? பிசிறு இருந்தா எப்புடித் தெரியும்?”

“மை காயல சின்ன மொதலாளி. மேல கைபட்டா இளுவிரும். பொறவு எங்களத்தான வைவீக. வேணும்னா தொட்டுப் பாருங்க” என்று அய்யம்மாள் ஒரு தாளை அவன் சட்டைக்கு நேராக நீட்டினாள். அவன் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டான். இரண்டடி பின்வாங்கி, “சீக்கிரம் முடிங்க” என்று போய்விட்டான். சோலையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சங்கரலிங்கத்துக்கு நாலு நாளில் அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

இரண்டு மணிக்கு மாரிசெல்வி வந்தாள். வெயிலில் வந்த களைப்பு. மடித்த தாளைப் பிரித்து, ஒவ்வொருத்தி நெற்றியிலும் அம்மன் திருநீறு பூசினாள். சங்கரலிங்கத்துக்கும் பூசிவிட்டுத் தன் மூலையில் போய் உட்கார்ந்தாள்.

“என்ன மதினி, வெள்ளத் தாள எண்ணுதீக?”

“மை காயலட்டி. குப்புறத்தான் எண்ணணுமாம். நீயும் அப்புடியே எண்ணு” என்றாள் அய்யம்மாள், தலை நிமிராமல்.

மாரிசெல்வி பஞ்சுக் கிண்ணத்தில் கட்டைவிரலை நனைத்தாள். பத்துத் தாள் எண்ணினாள். நிறுத்தினாள். உள்ளங்கையைத் தாளின் முதுகில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

“காஞ்சுதான மதினி இருக்கு.”

ஏழு பெண்களின் கைகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாரிசெல்வியின் ஈரக் கட்டைவிரல் மேல்தாளின் மூலைக்கு அடியில் இருந்தது. மூலை ஓரங்குலம் தூக்கியிருந்தது. மின்விசிறிக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் அதைத் திருப்பவும் இல்லை, விடவும் இல்லை.