கண்ணாடிக்காரர் கழற்றிய கதவுகள்

கண்ணாடிக்காரர் செத்துப்போனதற்கு அவர் மனைவி அழுதாள். ஆனால் குளியலறை அலமாரிக் கதவுகளைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செத்துப்போனதற்கு அவரை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களை எதிரே உட்காரவைத்துக் கண் பார்த்து, அளவு எழுதி, வில்லை பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. கடையில் அப்படிப் பொறுமையாக இருப்பவருக்கு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கை சும்மா இருக்காது. எதையாவது பிரிப்பார். பிரித்தது பிரித்தபடி கிடக்கும். வாசல் மணியைப் பிரித்த கதை, மிக்ஸியைப் பிரித்த கதை என்று அவளிடம் ஒரு மூட்டைக் கதை இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளியலறைக்கு வந்தார். கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி, அதன் இரண்டு பக்கமும் ஒடுக்கமான இரண்டு அலமாரிகள், தொட்டிக்குக் கீழே இன்னொன்று. மூன்றுக்கும் கதவு. வெந்நீர் ஆவி பட்டுப் பட்டுப் பழைய பெயின்ட் பழுத்து, ஓரங்களில் செதில் செதிலாக எழும்பியிருந்தது உண்மைதான். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்துவிடவில்லை. விட்டுத் தொலையுங்கள் என்றுதான் அவள் சொன்னாள்.

"ஒரு கை பார்த்துடலாம்" என்றார் அவர். எந்த வேலையை ஆரம்பித்தாலும் அவர் சொல்வது அதுதான். இன்னொரு கை எப்போது என்று அவள் கேட்பதும் வழக்கம்தான்.

கதவுகளைக் கழற்றினார். ஸ்க்ரூக்களை ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினார். மேல் கதவுகள் இரண்டும் ஒரே அச்சு, ஒரே பக்கம் திறப்பவை. மாறிவிடக் கூடாதென்று ஒன்றின் முதுகில் பென்சிலால் 'வ' என்றும் இன்னொன்றின் முதுகில் 'இ' என்றும் எழுதினார். உப்புத்தாள் போட்டு ஒரு கதவைப் பாதி தேய்த்தார். மறுநாள் அவளைக் கேட்காமலே ஒரு டப்பா பெயின்ட் வாங்கி வந்தார். சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறம். ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கிறது என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். காய்ந்தால் தெரியும் பார் என்றார்.

அதைப் பூசிக் காயவைத்துப் பார்க்க அவர் இருக்கவில்லை. அந்த வாரமே ஒருநாள் கடையில், எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் எழுத்துப் பலகையில் இரண்டாவது வரியைப் படித்து முடிப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

துக்கம் கேட்க ஊரே வந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் குளியலறைக்குப் போனார்கள். அங்கே கதவில்லாத அலமாரிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அவருடைய சவர சாமான்கள், அவளுடைய மூட்டுவலித் தைலம், பல் இடுக்குக் குச்சிகள், எல்லாவற்றுக்கும் முன்னால் அவளுடைய தலைச்சாயம். அவள் முடி இயற்கையிலேயே கறுப்பு என்று அதுவரை நம்பியிருந்த உறவும் நட்பும் கை கழுவிக்கொண்டே அந்தப் பெட்டியைப் படித்துவிட்டு வெளியே வந்தன. அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவளின் காதருகே குனிந்து அவளுடைய நாத்தனார், அதாவது கண்ணாடிக்காரரின் அக்கா, ஆறுதல் சொல்கிற குரலிலேயே சொன்னாள்:

"நீயும் இதுதான் போடுறியா? நான் வேற கம்பெனி."

அந்தக் கணத்தில் அவளுக்கு அழுகை நின்றது. அதற்குப் பிறகு வந்தது கோபம்தான். அது போகவேயில்லை.

கதவுகள் படுக்கையறைச் சுவரில் சாய்ந்து கிடந்தன. இருட்டில் எழுந்தால் காலில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டுவாள். காலையில் பல் தேய்க்கப் போனால் திறந்த அலமாரியைப் பார்த்துத் திட்டுவாள். ஆரம்பிக்கத் தெரிந்தவருக்கு முடிக்கத் தெரியாதா, உயிரை மட்டும் ஒரே மூச்சில் முடித்துக்கொள்ளத் தெரிந்ததா என்று கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே கேட்பாள். உயிரோடு இருந்தபோது திட்டினால் ஒரு பதிலாவது வரும். இப்போது அதுவும் இல்லை என்பதில் இன்னும் கொஞ்சம் கோபம் கூடியது.

ஒரு நாள் நாத்தனார் தச்சரை அழைத்துக்கொண்டு வந்து நின்றாள். கேட்டு வரவில்லை. தம்பி வீட்டுக்கு நல்லது செய்யக் கேட்க வேண்டுமா என்ன? தச்சர் குளியலறையை அளந்தார். பிளாஸ்டிக்கில் புது அலமாரி, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, சனிக்கிழமை கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்றும், பழையதைத் தானே எடுத்துப்போய்க் குப்பையில் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். நாத்தனார் படுக்கையறையில் சாய்ந்திருந்த கதவுகளைப் பார்த்தாள். பாதி தேய்த்து விட்டிருந்த கதவின் மேல் விரலை ஓட்டினாள்.

"என் தம்பி எதைத்தான் முழுசா முடிச்சிருக்கான்? பாதியில விடுறதுக்குன்னே பொறந்தவன். கடைசியில இதையும் பாதியில விட்டுட்டுப் போயிட்டான்."

இதே வார்த்தைகளை, இதைவிட மோசமான வார்த்தைகளை, கல்யாணமான நாளிலிருந்து அவளே சொல்லியிருக்கிறாள். அன்று காலைகூடச் சொன்னாள். ஆனால் இன்னொரு வாயிலிருந்து கேட்டபோது, நாத்தனாரின் விரலுக்குக் கீழிருந்து கதவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"புதுசு வேண்டாம் அண்ணி. நானே பெயின்ட் அடிச்சு மாட்டிக்கிறேன்."

"நீயா?"

"நான்தான்."

நாத்தனார் தச்சரைப் பார்த்தாள். தச்சர் கூரையைப் பார்த்தார். சனிக்கிழமைக்குள் மூன்று கதவும் ஏறியிருந்தால் புது அலமாரியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவதாகவும், இல்லையென்றால் பழையதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசக் கூடாதென்றும் நாத்தனார் சொன்னாள். போகும்போது தச்சர் அவளிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அலமாரி மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. பழைய ஓட்டைகளிலேயே ஸ்க்ரூ ஏற வேண்டும். புதிதாக ஓட்டை போட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

மறுநாளே அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கதவுகளைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போனாள். உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தாள். கோபத்தோடு செய்வதற்கென்றே ஒரு வேலை இருக்குமானால் அது இதுதான். பழைய பெயின்ட் தூளாகப் பறந்தது. துணிக்கடைக்குப் போனால் முன்னால் நடந்துபோய்விடுவாரே, அதற்கு ஒரு தேய்ப்பு. டாக்டரிடம் போங்கள் என்று சொன்னபோது வாயுப்பிடிப்பு என்று சிரித்தாரே, அதற்கு ஒரு தேய்ப்பு. அதற்கு மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பலகை தெரிய ஆரம்பித்ததும்தான் கை நின்றது.

முதல் பூச்சு கெட்டுப்போனது. தூளைத் துடைக்காமல் பூசிவிட்டாள். காய்ந்தபின் தடவினால் மணலை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. மறுபடி தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்துப் பூசினாள். இந்த முறை பெயின்ட் கெட்டி. அழுது வழிந்த மாதிரி ஓரங்களில் இறங்கி நின்றது. அதையும் தேய்த்தாள். பிறகுதான் பிடிபட்டது: பிரஷ்ஷைப் பாதி மட்டும் நனைத்து, டப்பா விளிம்பில் வழித்து, ஒரே போக்கில் இழுக்க வேண்டும். ஆசைப்பட்டுத் திரும்பத் தொடக் கூடாது.

நடுவில் ஒருமுறை வெள்ளை வாங்கிவரலாமா என்று நினைத்தாள். கடை தெருமுனையில்தான். பிறகு, அவள் என்னவோ புதிதாக அடித்தாள், தம்பி வாங்கிய டப்பா அப்படியே கிடக்கிறது என்று நாத்தனார் சொல்வது காதில் கேட்டது. ஆஸ்பத்திரிப் பச்சையையே அடித்தாள். முதுகுப் பக்கம் பூசவில்லை. 'வ'வும் 'இ'யும் அங்கே இருந்தன. மாட்டும்வரை வேண்டும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். காய்ந்தபின் நிறம் கொஞ்சம் அடங்கித்தான் போயிருந்தது. அதை அவள் ஒப்புக்கொள்வதாக இல்லை.

சனிக்கிழமை காலை அலமாரிகளின் மேல்விளிம்பில் மிச்சப் பெயின்டை எட்டிப் பூசிவிட்டுக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். கீழ்க்கதவு ஒரு தகராறும் செய்யாமல் ஏறியது. அடுத்து 'வ' கதவைத் தூக்கிக் கண்ணாடிக்கு வலப்பக்க அலமாரியில் வைத்தாள். மேல் கீல் சரியாக உட்கார்ந்தது. கீழ்க் கீல் உட்காரவில்லை. ஓட்டை ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. இறக்கி ஏற்றிப் பார்த்தாள். கீழ்க் கீலைச் சரிசெய்தால் மேலே விலகியது. 'இ' கதவை இடப்பக்கம் வைத்தாள். அதே கதை. அந்தக் காலத்தில் கீல் அடித்தவன் ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு அளவில் அடித்திருந்தான். ஆத்திரத்தில் ஒரு ஸ்க்ரூவை ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். பலகை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பயந்து கையை எடுத்துக்கொண்டாள்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அவரைத் திட்ட வார்த்தை தேடினாள். எல்லாவற்றையும் ஏற்கெனவே செலவழித்திருந்தாள்.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. அவர் பிரித்து, கடைசியில் யாரோ மாட்டிய மணி.

தச்சர் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து கதவுகளைத் தூக்கிப் பார்த்தார். முதுகைத் திருப்பி எழுத்தைப் படித்தார். இது வலது, இது இடது, வைத்ததெல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறாள், ஆவியில் பலகை ஊதிவிட்டது, இனி எதுவும் செய்ய முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். பெயின்ட் மட்டும் நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னார். நாத்தனார் குளியலறை வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"விடும்மா. அவன் கைவேலை எனக்குத் தெரியாதா? உன்மேல தப்பில்ல. அவன் தொட்டது எதுவும் சேராது."

அவளுக்குக் கண் மங்கியது. அழக் கூடாது, இவள் முன்னால் அழவே கூடாது என்று பல்லைக் கடித்தாள். ஆனால் மங்கியது ஒரு கண் மட்டும்தான். இடது கண்ணை மூடிப் பார்த்தாள். வலது கண்ணில்தான் மூட்டம். மூக்குக்கண்ணாடியில் பெயின்ட் தெறித்திருக்கிறது. கழற்றி, முகத்துக்கு எதிரே திருப்பிப் பிடித்து, சேலைத் தலைப்பால் துடைக்கப் போனாள். வலப்பக்கம் தெரிந்த வில்லையைத் துடைத்தாள். அது சுத்தமாக இருந்தது. பச்சைப் புள்ளி இடப்பக்கம் இருந்தது.

கை அப்படியே நின்றது.

மூக்குக்கண்ணாடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அவளைப் பார்க்கும்போது, அதன் வலது அவளுக்கு இடது.

பீரோவில் வலது பக்கம் இருக்கிறது என்பார். வலது பக்கம் முழுக்கக் கிளறிவிட்டு இல்லை என்று கத்துவாள். அவர் வந்து இடது பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார். பீரோவோட வலதுடி, உன் வலது இல்ல, என்பார். குழுப் படத்தில் வலது ஓரம் நிற்பது என் அக்கா என்று இடது ஓரத்தைக் காட்டுவார். நாளெல்லாம் எதிரே ஒரு முகத்தை உட்காரவைத்து வலது கண், இடது கண் என்று எழுதிய மனிதர். எதிரே எது நின்றாலும் அவருக்கு அது ஒரு முகம்தான். எத்தனை சண்டை இதற்காக. கடைசியில் அவர் வலது என்றால் யோசிக்காமலே இடது பக்கம் கை நீட்டப் பழகியிருந்தாள். கோபத்தில் அதைக்கூட மறந்து தொலைத்திருக்கிறாள்.

எழுந்தாள். தச்சர் கையிலிருந்த 'வ' கதவைப் பிடுங்காத குறையாக வாங்கி, இடப்பக்க அலமாரியில் வைத்தாள். அது மாறிப் போகிறதே என்றார் தச்சர். அவள் கீல்களை ஓட்டைகளுக்கு நேரே பிடித்தாள். மேல் கீல் உட்கார்ந்தது. கீழ்க் கீலும் உட்கார்ந்தது. ஸ்க்ரூ பழைய ஓட்டையில் தன் வீட்டுக்குப் போவதுபோலப் போனது. 'இ' கதவை வலப்பக்கம் ஏற்றினாள். அதுவும் அப்படியே. கண்ணாடிக் கூட்டில் ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லை.

தச்சர் இரண்டு கதவையும் திறந்து மூடிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

"உங்க தம்பி சரியாத்தான் எழுதியிருக்கார் அண்ணி. நாமதான் இந்தப் பக்கம் நின்னு படிச்சோம்."

நாத்தனாருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் அவளுக்கும் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் சட்டென்று தேறிக்கொண்டாள்.

"அதுக்கு நாலு எழுத்து சேர்த்து எழுதியிருக்கலாம்ல, கிறுக்கன்."

"அவரை நான் திட்டிக்கிறேன். நீங்க திட்ட வேண்டாம்."

குரல் உயரவில்லை.  நாத்தனார் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல 'இ' கதவின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்று நாத்தனாரும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கீழே பரப்பி வைத்திருந்த சாமான்களை உள்ளே எடுத்து வைத்தாள். முதலில் தலைச்சாயம். அதைப் பின்வரிசையில் தள்ளி, முன்னால் தைலத்தை வைத்தாள். அவருடைய சவர சாமான்களை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவற்றையும் வைத்தாள். வலப்பக்கத்தில். அலமாரியின் வலப்பக்கத்தில்.

கதவுகளைச் சாத்தினாள். நடுவில் இருந்த கண்ணாடியில் நெற்றியெல்லாம் பச்சை தெறித்த ஒருத்தி நின்றாள்.

"என்னோட வலதுன்னு ஒரே ஒரு தடவை எழுதியிருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, டர்பன்டைன் தேடப் போனாள். பிரஷ்ஷைக் கழுவாமல் விட்டால் காய்ந்துவிடும். அவர் ஒருநாளும் கழுவி வைத்ததில்லை.