ஒன்பது வினாடித் தூக்கம்

இடது காதுக்கு அடியில் தொடங்கி, தோளில் இறங்கி, முழங்கையில் உட்கார்ந்துகொண்டு ஊசி ஏற்றுகிற வலி. செய்தித் தயாரிப்பாளருக்கு அது வந்து மூன்று மாதம் ஆகிறது. அவருடைய நாற்காலிக்கு எதிர்ச்சுவரில், தலைக்கு மேலே ஒன்பது டிவிகள். எட்டு போட்டிச் சேனல்கள், ஒன்று சொந்தச் சேனல். பதினேழு வருடம் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துச் சம்பாதித்த வலி. மருத்துவர் கழுத்துக்கு ஒரு பட்டையை மாட்டிவிட்டு, கொஞ்ச நாளைக்குக் கீழே பார்த்து வேலை செய்யச் சொன்னார். கீழே பார்த்து வேலை செய்கிறவன் அந்த அலுவலகத்தில் எந்த மாடிக்கும் போனதில்லை என்பது மருத்துவருக்குத் தெரியாது.

அலுவலகத்தில் அவருக்குப் 'பட்டைக்காரர்' என்று பெயர். கழுத்துப் பட்டையால் வந்த பெயர் இல்லை. திரையின் அடியில் 'சற்றுமுன்' என்று ஓடும் சிவப்புப் பட்டையை எதற்கு வேண்டுமானாலும் போடலாம் என்று கண்டுபிடித்தவர் அவர். மழை வந்தால் சற்றுமுன். வரவில்லை என்றாலும் சற்றுமுன். ஒரு நடிகரின் நாய் காணாமல் போனதற்குப் போட்ட சற்றுமுன், நாய் தானாக வீடு வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதம்தான் அவர் துணைத் தயாரிப்பாளர் என்பதிலிருந்து 'துணை'யை உதறினார்.

இப்போது செய்திப் பிரிவின் தலைமை நாற்காலி காலி. திங்கட்கிழமை முதலாளி ஆளைச் சொல்லப்போகிறார். அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம், கீழே வரவேற்பறையில் அண்ணன் வந்து உட்கார்ந்திருப்பதாகப் போன் வந்தது.

அண்ணன் மொத்த வியாபாரக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். முப்பது வருடத் தூக்கு. தம்பி டிப்ளமா படித்த மூன்று வருடமும் இரண்டு ஷிப்டாகத் தூக்கியவர். சோபா அழுக்காகிவிடும் என்று அதன் விளிம்பில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்திருந்தார். தம்பியின் கழுத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"கழுத்துக்கு என்னடா?"

"வேலைப் பளுண்ணே."

"நீ என்னத்தடா தூக்குன?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வரவேற்பறைப் பெண் மட்டும் கணினிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் வந்த விஷயம் இது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. இனி மூட்டையோடு படி ஏற முடியாது. ஒரு பள்ளிக்கூடத்தில் கேட் காவலுக்கு ஆள் கேட்டார்கள். நாற்காலி உண்டு, நிழல் உண்டு. எல்லாம் பேசி முடிந்தாயிற்று. அப்புறம் பள்ளித் தாளாளர் ஒருநாள் செய்தி பார்த்திருக்கிறார். குடிப்பழக்கத்தால் சீரழியும் குடும்பங்களைப் பற்றிய செய்தி. நடுவில் ஒன்பது வினாடி, வாயைப் பிளந்து, ஒரு கால் கீழே தொங்க, மட்ட மத்தியானத்தில் மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தது சாட்சாத் அண்ணன். குடிக்கிற ஆளைப் பிள்ளைகள் வந்துபோகிற வாசலில் எப்படி நிறுத்துவது என்று தாளாளர் கேட்டுவிட்டார். கிடங்கிலும் சும்மா விடவில்லை. இன்றைக்கு எத்தனை ரவுண்டு என்று கேட்டுவிட்டுத்தான் முதுகில் மூட்டையை ஏற்றுகிறார்களாம். அண்ணன் இருமலுக்குக்கூட மருந்து குடிக்காதவர், வாசனை பிடிக்காது என்று.

"அன்னைக்கு நீதான எடுத்த?" என்றார் அண்ணன்.

தம்பிதான் எடுத்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். குடிகாரன் ஒருவன் விழுந்து கிடக்கிற காட்சி வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் வேண்டும் என்று கேமராவைக் கொடுத்து விரட்டினார்கள். நகரம் முழுக்கச் சுற்றியும் ஒரு குடிகாரனும் ஒத்துழைக்கவில்லை. எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். பசியோடு அண்ணனின் சாப்பாட்டில் பங்கு கேட்கக் கிடங்குக்குப் போனார். இரண்டு லாரி இறக்கிவிட்டு அண்ணன் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார். உழைத்துக் களைத்தவனுக்கும் குடித்துக் கிடப்பவனுக்கும் கேமராவில் வித்தியாசம் தெரிவதில்லை. சத்தத்தில் விழித்த அண்ணனிடம், தொழிலாளர்களைப் பற்றிய செய்தி என்றார். அண்ணன் கிடங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், தம்பி நம்மை டிவிக்குப் படம் எடுத்திருக்கிறான் என்று.

முகத்தை மங்கலாக்கித்தான் போட்டார்கள். பதினாறு வருடம் அந்த மங்கல் முகம் சேனலுக்கு உழைத்தது. விஷச்சாராயம் என்றால் அது. சாலை விபத்து என்றால் அது. சென்ற வருடம் பழைய நாடாக்களையெல்லாம் கணினியில் ஏற்றியபோது, மங்கலாக்காத மூலத்தை ஏற்றிவிட்டார்கள். லைப்ரரியில் அதற்கு ஒரு குறிப்பும் போட்டார்கள்: 'குடிபோதை, ஆண், பகல், நல்ல தெளிவு.'

"நான் சண்டைக்கு வரலடா," என்றார் அண்ணன். "நாளைக்கு ஏழு மணி நியூஸ்ல ஒரு வார்த்தை. அந்தாளு குடிக்கல, தூங்குனாருன்னு. தாளாளர் ஏழு மணி நியூஸ்தான் பாப்பாரு. திங்கக்கிழமை காலையில வேற ஆளப் போட்டுருவாங்க."

"போட்றலாம்ணே. இருபது செகண்டு. என் கையிலதான இருக்கு."

அண்ணன் அவர் கழுத்துப் பட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

தயாரிப்பாளர் உடனே உட்கார்ந்து எழுதவும் செய்தார். 'தவறுதலாகக் காட்டப்பட்டவர் உழைப்பாளி, மதுப்பழக்கம் இல்லாதவர், வருந்துகிறோம்.' படித்துப் பார்த்தார். சரியாக இருபது வினாடி. அந்தச் சேனல் பிறந்ததிலிருந்து எதற்கும் வருந்தியதில்லை. எடுத்தது யார் என்று முதலாளி கேட்டால் என்ன சொல்வது? லைப்ரரியிலிருந்து கிளிப்பை நீக்கினாலும், நீக்கியவர் பெயர் பதிவாகும். திங்கட்கிழமை முடியட்டும் என்று அதை அப்படியே விட்டார். வருத்தத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை செய்தி வரிசையில் இருபத்திநாலாவதாக, கடைசியாக வைத்தார்.

கடைசிச் செய்திக்கு அந்த அறையில் 'பலியாடு' என்று பெயர். நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டு அதற்குத்தான். பெரும்பாலும் பூங்காவில் குட்டி போட்ட ஒட்டகச்சிவிங்கியைத்தான் அங்கே கட்டிவைப்பார்கள். ஆயிரக்கணக்கான பலியாடுகளைத் தன் வாயாலேயே வெட்டச் சொன்னவருக்கு இது தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை செய்தி குறைவாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு மாலை ஆறே முக்காலுக்கு, ஒரு மந்திரி மேடைப் படியில் விரிப்பு தடுக்கி விழுந்தார்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் அழகாக விழுந்தார். ஏழு மணிக்குச் சிவப்புப் பட்டையோடு விழுந்தார். பிறகு மெதுவாக விழுந்தார். விரிப்பைச் சுற்றி வட்டம் போட்டு, அம்புக்குறி காட்டி, மறுபடி விழுந்தார். முதலாளியே போன் செய்து, பிரமாதம், விடாதே என்றார். தயாரிப்பாளருக்குக் கழுத்து வலியே தெரியவில்லை.

பத்தொன்பதாவது செய்தி, மதுக்கடை நேரத்தை நீட்டிப்பது பற்றி. அவசரத்தில் எடிட்டர் லைப்ரரியில் கைக்கு வந்ததைப் போட்டார். ஒன்பதாவது டிவியில் அண்ணன் வாயைப் பிளந்து தூங்கினார், நல்ல தெளிவோடு.

வரிசை பார்க்கும் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். முடிய அரை நிமிடம் இருந்தது.

"சார், இருபத்திநாலு போலாமா? இல்ல மந்திரி இன்னொரு தடவையா?"

அறையில் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. அந்தப் பக்கம் முதலாளி சிரிப்பது கேட்டது.

"இன்னொரு தடவை விழட்டும்," என்றார்.

ஏழரைக்கு அண்ணனே கூப்பிட்டார். தாளாளர் உள்ளே உட்கார்ந்து பார்க்க, இவர் வீட்டு வாசலில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். கடைசி வரைக்கும் பார்த்தாராம்.

"விழுந்தாரே, பாவம், பலமா அடியாடா?" என்று கேட்டார். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தன் விஷயத்துக்கு வந்தார். "என்னோடது எப்படா?"

"அடுத்த ஞாயிறுண்ணே."

திங்கட்கிழமை தயாரிப்பாளர் செய்தித் தலைவர் ஆனார். பள்ளிக்கூடக் கேட்டில் வேறு ஆள் உட்கார்ந்தார். தலைவரின் புது அறையில் டிவி கண் மட்டத்தில் இருக்கிறது. பத்தே நாளில் கழுத்து வலி போய்ப் பட்டை குப்பைக்குப் போய்விட்டது. அண்ணன் கிடங்குக்கே திரும்பிவிட்டார். முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, படி இல்லாத பக்கமாகத் தூக்குகிறார். ஞாயிறு தவறாமல் ஏழு மணிச் செய்தியைக் கடைசி வரை பார்க்கிறார். ஏழரைக்குக் கூப்பிடுகிறார். போனை இப்போது உதவியாளர்தான் எடுக்கிறார்.

ஆறு ஞாயிறு போய்விட்டது. செய்தித் தலைவர் தன் அண்ணனுக்கு இன்னும் தரவேண்டியது இருபது வினாடி.