பெயர் அச்சிடாத மழைச்சட்டை

பனித்துகள் கலந்த மழை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பந்தயத்தின் நடுவே நோர்பெர்ட் தன் அணியின் காரை ஒட்டிச் சைக்கிளை மிதித்தபடி, சன்னலுக்கு வெளியே நீண்ட கையிலிருந்து மழைச்சட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி, முதுகுப் பைகளிலும் பனியனுக்குள்ளும் திணித்துக்கொண்டான். இனி கார்களின் நடுவே புகுந்துபோய், முன்னால் போகும் கூட்டத்தைப் பிடித்து, தன் அணி ஆட்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டும். மிஞ்சுவது அவனுக்கு. வெயில் நாளில் தண்ணீர் சுமப்பான், மழை நாளில் சட்டை. அவனைப் போன்றவர்களைத் தண்ணிக்காரன் என்றுதான் அந்தத் தொழிலில் சொல்வார்கள்.

சட்டைகள் வெறும் கறுப்பு. எழுத்தே கிடையாது. குளிர்காலத்தில் உடுப்புகளுக்கு அச்சுக் கொடுத்தபோது முதலாளி கெஸ்டெல், மழை நாளில் யார் போட்டோ எடுக்கப் போகிறார்கள், அதற்கு ஏன் வீண் செலவு என்று கேட்டார். நெஞ்சிலும் முதுகிலும் ‘கெஸ்டெல் கம்பளம்’ என்று மஞ்சளாக எழுதிய பனியன்கள் மட்டும் அச்சாகி வந்தன. ஃபிளாண்டர்ஸ் சீமையில் மழை பெய்யாத பந்தயத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது முதலாளிக்கும் தெரியும். அவர் அங்கேயே பிறந்தவர்.

அணிக்கு இது நான்காவது பெயர். மேலாளர் ஃபோன்ஸ் முதன்முதலில் அதைக் கூட்டியபோது பணம் போட்டவர் ஒரு சாசேஜ் வியாபாரி. வீரர்களைக் கண்டால் சாலையோரத்துச் சனங்கள் “தொட்டுக்கக் கடுகு வேணுமா?” என்று கத்துவார்கள். அவர் நொடித்துப்போனதும் டிவி கடைக்காரர் ஒருவர் வந்தார். அவருக்குப் பின் கழிப்பறைப் பீங்கான் செய்கிறவர். அந்தக் காலத்தில் கேட்ட கேலிக்கு அளவே இல்லை. பின்தங்கியவனைப் பார்த்து, “சங்கிலியை இழுத்துவிட்டுட்டுப் போடா” என்பார்கள். ஒவ்வொரு பெயர் மாறும்போதும் அதே கார்களுக்கு வேறு வண்ணம் பூசுவார்கள், அதே சைக்கிள்களில் வேறு தாள் ஒட்டுவார்கள். ஃபோன்ஸ் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அடுத்த தொழிற்சாலை வாசலில் போய் நிற்பார். நான்கு பெயர்களுக்கும் சட்டை சுமந்தவன் நோர்பெர்ட் ஒருவன்தான்.

சைக்கிளுக்கு வருவதற்கு முன் அவன் கெஸ்டெல் ஆலையிலேயே தறி ஓட்டியவன். அணியை வாங்கிய அன்று முதலாளி அவன் தோளில் கைபோட்டு, ஓட்டுவதை நிறுத்தும் நாளில் அவனுக்கு ஒரு தறி காத்திருக்கும் என்று எல்லார் முன்பாகவும் சொன்னார். அவன் மனைவி கோட்லீவ் அங்கே கம்பளங்களின் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாள். சென்ற குளிர்காலத்தில் ஆலையில் ஆள் குறைத்தபோது முதலாளி ஒரு விதி கொண்டுவந்தார். ஒரு வீட்டுக்கு ஒரு கூலிதான். கணவனும் மனைவியும் அவரிடமே சம்பளம் வாங்கினால் ஒருவர் நிற்க வேண்டும். கம்பளத்தை அவன் தொடாவிட்டாலும் நெஞ்சில் சுமக்கிறானே, அதுவும் கூலிதான் என்று கோட்லீவை நிறுத்தினார்கள். நோர்பெர்ட்டின் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. பந்தயத்தன்று காலை அவன் கால்களில் சூட்டுத் தைலம் தேய்த்துவிட்டபோது அவள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

“அடுத்த வருசத்துக்கும் உன்னை எடுத்துக்கிற மாதிரி எதையாவது பண்ணிட்டு வா. ஜெயிக்கணும்னு நான் சொல்லல. அவங்க கண்ணுல படு, போதும்.”

சட்டை கொடுத்து முடித்ததும், அணியின் நட்சத்திரமான டிர்க், முன்னால் பிரிந்துபோன சின்னக் கும்பலோடு போய் ஒட்டிக்கொள்ளும்படி நோர்பெர்ட்டிடம் சொன்னான். நம் ஆள் ஒருவன் அங்கே இருந்தால் பின்னால் இருக்கும் நம்மவர்கள் துரத்த வேண்டியதில்லை, அவ்வளவுதான் கணக்கு. போனான். அந்தக் கும்பலில் ஒருவன் கல் பாவிய ஏற்றத்தில் வழுக்கி விழுந்தான், இன்னொருவன் குளிர் தாங்காமல் ஓரத்துப் பீர்க்கடைக்குள் சைக்கிளோடு நுழைந்தான், மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். டிர்க் எப்போதோ பந்தயத்தை விட்டுவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்து சூடாகக் காபி குடித்துக்கொண்டிருந்தான். கடைசி ஏற்றத்தின் உச்சிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது நோர்பெர்ட்டுக்குப் பின்னால் யாருமே இல்லை.

முதலில் அவனுக்குப் பயம்தான் வந்தது. எங்கோ திருப்பத்தைத் தவற விட்டுவிட்டோமோ என்று நினைத்தான். பிறகு டிவிக்காரனின் மோட்டார் சைக்கிள் முன்னால் ஓடியபடியே படம்பிடிக்கத் தொடங்கியது. தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெரிய பந்தயத்தில் தான் முதலாவதாகப் போவது அப்போதுதான் உறைத்தது.

ஃபோன்ஸின் கார் பின்னால் வந்து சேர்ந்தது. ஊர்ப் பந்தயம் என்பதால் அன்று அவர் பக்கத்து இருக்கையில் முதலாளியே உட்கார்ந்திருந்தார். பின்னிருக்கையில் பாரிஸில் பெரிய கடை வைத்திருக்கும் ஒருவர், முதலாளி பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர். அவர் நல்ல மனிதர், விவரம் தெரியாமல்தான் கேட்டார். முன்னால் போகிறவர் உங்கள் ஆள் என்கிறீர்கள், பெயரைக் காணோமே என்றார். முதலாளியின் காது சிவந்துவிட்டது. காரை அவன் பக்கத்தில் விடச் சொன்னார்.

“நோர்பெர்ட், சட்டையைக் கழட்டு” என்றார் ஃபோன்ஸ்.

“ஜிப்பு பிடிபட மாட்டேங்குது. விரல் செத்துக் கெடக்கு.”

“பல்லால இழு.”

முதலாளி ஃபோன்ஸைத் தாண்டிச் சன்னல் பக்கம் சாய்ந்தார். “நாடே டிவியில பாத்துட்டிருக்குப்பா. இப்படி கறுப்பு மூட்டையாட்டம் போனா நீ யாரு ஆளுன்னு எவனுக்குத் தெரியும்?”

“முடிவுக் கோட்டைத் தாண்டுனப்புறம் கழட்டிடுறேன் முதலாளி. இப்ப குளிரு...”

“அப்ப டிவிக்காரன் ஜெயிச்சவன் மூஞ்சியத்தான் காட்டுவான். எனக்கு உன் மூஞ்சி எதுக்கு?”

டிர்க்காக இருந்தால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருப்பான். ஆனால் கார் சொன்னால் செய்வது என்பது நோர்பெர்ட்டின் உடம்பிலேயே ஊறிப்போன பழக்கம். தண்ணிக்காரன் காரிடம் எதிர்த்துப் பேசி அவன் பார்த்ததில்லை. தலையைக் குனிந்து ஜிப்பின் நுனியைப் பல்லில் கவ்வி இழுத்தான். பாதியில் சிக்கியது. சைக்கிள் ஈரக் கல்லில் இடமும் வலமும் ஆடியது. ஃபோன்ஸ் ஒரு கையால் காரை ஓட்டியபடி இன்னொரு கையால் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். வராததால் அவன் வேகத்தைக் குறைத்து, கடைசியில் ஒரு காலை ஊன்றி நின்றேவிட்டான். முதலாளியும் எட்டிப் பிடித்து இழுத்தார். ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கையுறைகளும் சட்டையின் கைகளோடு சேர்ந்து உருவிக்கொண்டு வந்தன. எல்லாவற்றையும் முதலாளி சுருட்டித் தன் காலடியில் போட்டார்.

மஞ்சள் எழுத்து வெளியே வந்தது. டிவிக்காரன் நெருங்கி வந்தான். பின்னிருக்கைக்காரர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

“கையுறையைக் குடுங்க” என்றான் நோர்பெர்ட். காற்றில் அது கேட்டதோ என்னவோ. பின்னால் ஒருவன் நெருங்கிவிட்டான் என்று நடுவர் கொடியை ஆட்டிக் காரைப் பின்னுக்குப் போகச் சொன்னார். ஃபோன்ஸ் விலகிக்கொண்டார். நோர்பெர்ட் நீட்டிய கை வெறுமையாக நின்றது.

அதன்பிறகு அவன் வெறுங்கையோடு ஓட்டினான். கைப்பிடியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. கியர் மாற்ற மணிக்கட்டால் தள்ளினான். கூடாரங்களிலிருந்து வறுத்த உருளைக்கிழங்கின் வாசனை வந்தது, யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். யோஸ்ட் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன், தன் அணியின் பெயரைப் பெரிதாக எழுதிய மழைச்சட்டையோடு, பின்னாலிருந்து வந்து முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்பு அவனைக் கடந்துபோனான். கடக்கும்போது நோர்பெர்ட்டின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவதாக வந்ததற்கு முதலாளி கோபப்படவில்லை. சந்தோஷமாகவே இருந்தார். அத்தனை நேரம் தன் பெயரை டிவியில் காட்ட எவ்வளவு செலவாகும் தெரியுமா என்று ஃபோன்ஸிடம் கேட்டுச் சிரித்தார். பாரிஸ்காரர் வந்து நோர்பெர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் அலறிய அலறலில் அவர் இரண்டடி பின்வாங்கி மன்னிப்புக் கேட்டார். விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. பந்தயம் பார்க்க வந்திருந்த கோட்லீவ் அவற்றைத் தன் சட்டைக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு, அணியின் வண்டிக்குப் பின்னால், அவன் அழுகை நிற்கும்வரை நின்றாள்.

“கண்ணுல பட்டுட்டேனா?” என்று கேட்டான்.

“பட்டுட்ட. பேசாம இரு.”

வலது கையில் மூன்று விரல்களுக்கும் இடது கையில் இரண்டுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வசந்தம் போய்க் கோடை வந்தது. இறக்கத்தில் பிரேக் பிடிப்பதை அவன் விரல்கள் அவனுக்குச் சொல்லவில்லை. இரண்டு முறை விழுந்தான், இரண்டாம் முறை டிர்க்கையும் சேர்த்துத் தள்ளினான்.

இலையுதிர் காலத்தில் முதலாளி அணியைக் கைவிட்டார். பாரிஸ் கடைக்குக் கம்பளம் போகத் தொடங்கியிருந்தது, புது வேகத் தறிகள் வந்திறங்கியிருந்தன, இனி விளம்பரம் எதற்கு என்றார். ஃபோன்ஸ் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பி, சன்னல் சட்டங்கள் செய்யும் ஒருவரைப் பிடித்துவந்தார். புது ஆள் இளைஞர்களாகக் கேட்கிறார் என்று நோர்பெர்ட்டிடம் சொல்லும்போது அவன் கைகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். யோஸ்ட்டையும் எடுத்துக்கொண்டதாகக் கேள்வி.

அதனால் டிசம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நோர்பெர்ட் ஆலைக்குப் போனான். முதலாளி தன் வார்த்தையை மறக்கவில்லை. தறி இருக்கிறது, மேஸ்திரியைப் போய்ப் பார் என்று அலுவலகத்திலிருந்தே சொல்லியனுப்பினார். மேஸ்திரி கமீல் பழைய ஆள், ஒரு காலத்தில் அவனோடு பக்கத்துத் தறியில் நின்றவர். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தறிச்சத்தத்தில் காதுக்குள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. எல்லாருக்கும் வைக்கிற சோதனைதான் என்று சொல்லி, ஒரு தறியை நிறுத்தி, நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களில் ஒன்றை வெட்டிவிட்டார்.

அறுந்த நூலை முடிச்சுப் போடுவது நெசவாளிக்கு மூச்சு விடுவதுபோல. பார்க்கக்கூடத் தேவையில்லை, விரல் நுனியே தேடிப் பிடித்துக் கட்டிவிடும். நோர்பெர்ட் குனிந்தான். நூலின் முனை கைக்குள் இருக்கிறதா என்று தெரியவில்லை. முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிடித்தான், நழுவியது. மறுபடி பிடித்தான். எச்சில் தொட்டுக்கொண்டு பிடித்தான். பக்கத்துத் தறிகளில் நின்றவர்கள் முதலில் கவனித்தார்கள், பிறகு கவனிக்காததுபோல் திரும்பிக்கொண்டார்கள். கமீல் வெகுநேரம் பொறுத்திருந்தார். கடைசியில் அவனை மெல்ல ஒதுக்கிவிட்டு, தானே இரண்டு விரலால் ஒரு நொடியில் கட்டித் தறியை ஓடவிட்டார்.

“முதலாளிக்கிட்ட நான் என்னத்தைச் சொல்றது?” என்றார்.

“உள்ளதைச் சொல்லு கமீல்.”

“அவரு தறி குடுத்தாரு, நீதான் வேண்டாம்னுட்டேன்னு எழுதச் சொல்லுவாரு. உனக்கே தெரியும். அப்புறம் வேலையில்லாதவனுக்கு அரசாங்கம் தர்ற காசும் நின்னுபோவும். அதனால... நீ இங்க வரவே இல்லைன்னு சொல்லிடட்டுமா?”

நோர்பெர்ட் தலையாட்டினான். வெளியே போகும் வழியில் மேஸ்திரியின் சின்ன அறை. அங்கே புது வருடத்து நாள்காட்டிகள் கட்டுக்கட்டாக வந்திருந்தன. கமீல் ஒன்றை விரித்துக் காட்டினார். பனித்துகளின் நடுவே மஞ்சளாகக் ‘கெஸ்டெல் கம்பளம்’ என்ற எழுத்து ஒளிர்ந்தது. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று படத்தை நெருக்கி வெட்டியிருந்தார்கள். நெஞ்சுக்கு மேலே படம் கழுத்தோடு நின்றது, கீழே கைப்பிடியில் வெளுத்த இரண்டு கைகள்.

“தலை இல்லாட்டி என்ன, நீதான்னு எம் பையனுக்குத் தெரியும். டிவியில பாத்தான்ல. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடேன், நோர்பெர்ட். வீட்டுல மாட்டி வச்சிக்குவான்” என்றார் கமீல். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்ட பிறகே அவருக்கு உறைத்தது, ஆனால் அதற்குள் பேனாவை நீட்டிவிட்டிருந்தார்.

நோர்பெர்ட் பேனாவை விரலில் பிடிக்கப் பார்த்து, பிறகு முழுக்கையால் இறுகப் பற்றிக்கொண்டு மஞ்சள் எழுத்துக்கு மேலே எழுதினான். கோணலாக ஒரு கோடு போய், தாளைக் கிழித்துக்கொண்டு நின்றது.

கமீல் நாள்காட்டியை வாங்கிக்கொண்டார். “பரவால்ல, விடு” என்று அவன் தோளைத் தட்டினார். கிழிந்ததைச் சுருட்டி மேசைக்கடியில் இருந்த நூல் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு, பையனுக்காக நாள்காட்டிக் கட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவி எடுத்துக்கொண்டார்.