முள் இறங்கிய இடம்

கொதிக்கிற உலைக்குள் செம்புக் குமிழை விட்டதும் அய்யம்மாள் அகப்பையை ஓங்கிவிட்டாள்.

"ஏங்க, சோறு பொங்குற பானையில கொண்டாந்து இந்தக் கருமத்த விடுறீகளே. மனுசந்தானா நீங்க?"

"அரிசி இன்னும் போடலல்ல" என்றார் சுருளிவேல், தலையைத் தூக்காமல். குமிழிலிருந்து எலிவால் மாதிரி நீண்ட குழாயின் மறுமுனையில், அவருடைய உள்ளங்கைக்குள், வட்டமான ஒரு கண்ணாடி முகம் இருந்தது. அதற்குள் முள் நாற்பதிலிருந்து கிளம்பி நூறை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மதுரையில் பழைய லாரி சாமான் கடையில் வாங்கிவந்த, இஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர். காரில் மாட்டுவதற்கு முன்னால் அது பொய் சொல்லுமா சொல்லாதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

சுவரோரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மகள் சத்யபிரியா சிரித்தாள். புருசன் வீட்டிலிருந்து வந்தபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அய்யம்மாள் பொறுமையிழந்து குழாயைப் பிடித்துத் தூக்க, குமிழ் பானை வாய்க்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. முள் மளமளவென்று இறங்கியது.

"இங்க பாருங்கப்பா. பானை கொதிச்சுக்கிட்டுத்தான் கெடக்கு. முள்ளு மட்டும் ஆறிருச்சுங்குது."

"தண்ணிக்குள்ள கெடந்தாத்தான பாப்பா அதுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மீட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கார் ஸ்டாண்டில் நிற்கும் வெள்ளை அம்பாசிடர் அவருடையது. கம்பெனிக்காரன் வைத்த மீட்டர் எந்தக் காலத்திலோ செத்துப்போனது. போன கார்த்திகையில் ஐயப்ப சாமிகளை ஏற்றிக்கொண்டு கம்பம் ரோட்டில் போகும்போது இஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கட் போய், மாலை போட்ட அத்தனை பேரும் நடுரோட்டில் இறங்கி நின்று சாமியை விட்டுவிட்டு அவரைத்தான் அர்ச்சனை பண்ணினார்கள். சூடு கண்ட பூனை ஆகிவிட்டார் மனிதர். அதிலிருந்து தீய்ந்த வாடை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டுவார். பாதி வழியில் நிறுத்தி, பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். ஏறியிருப்பவர்கள் என்னவென்று கேட்டால், சும்மா என்பார்.

அதே சும்மாவைத்தான் சத்யபிரியாவும் சொன்னாள். வத்தலக்குண்டுப் புருசன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு பஸ் ஏறி வந்து, "சும்மாதாம்ப்பா வந்தேன்" என்றாள். தம்ளர் கீழே விழுந்தால் பதறினாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அய்யம்மாள் கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்லம்மா"தான். பெண்ணைப் பெற்றவன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறான் என்பது சும்மா சொன்னதில்லை, சுருளிவேலுக்கு உட்கார்ந்தால் நிற்கவேண்டும் போலிருந்தது, நின்றால் எங்காவது போகவேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் மட்டும் மகளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். காருக்கு ஒன்று என்றால் அவருக்குக் கைவேலை தெரியும். மருமகன் வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவது என்று தெரியாது. அதனால் காரைப் பார்த்தார்.

எதிர்வீட்டு போனுக்குச் சம்பந்தியம்மாளின் சேதி வந்தது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்து விடவேண்டும், இல்லையென்றால் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அய்யம்மாள் ஒரு பாட்டம் அழுதுவிட்டு அதிரசத்துக்கு மாவு இடித்தாள். மகளைத் திருப்பிக் கொண்டுபோய் விடும்போது வெறுங்கையோடு போக முடியாதல்லவா.

பழனி ரோட்டில் மிக்கேல்ராஜின் எலெக்ட்ரிக் ஷெட்டுக்குள் காரை விட்டார். மிக்கேல்ராஜ் ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, இஞ்சின் தலையிலிருந்த அடைப்பைக் கழற்றி, அந்த ஓட்டையில் குமிழை முடுக்கினான். டேஷ்போர்டுக்குப் பின்னால் துளை போட்டு, ரப்பர் வளையம் செருகி, குழாய் நெளியாமல் இழுத்து, மிச்சத்தை முறுக்குப் பிழிவதுபோலச் சுருட்டிக் கட்டினான். மீட்டரை ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் வைத்தான். சுருளிவேல் இடப்பக்கம் என்றார். இடப்பக்கம் வைத்ததும், கொஞ்சம் மேலே என்றார்.

"அண்ணே, இது மீட்டரு. சாமி படமில்ல."

"கண்ணுல படணும்ல அப்பு."

"அது கெடக்கட்டும். கீழ ரேடியேட்டர் ஹோஸ் நைஞ்சுபோய் இருக்கு. கையோட மாத்திருவமா?"

"அதான் மீட்டர் மாட்டியாச்சே. சூடானா காட்டப்போகுது" என்றார் சுருளிவேல்.

வெள்ளிக்கிழமை இராகுகாலத்துக்கு முன்னால் புறப்பட்டார்கள். அய்யம்மாள் வரவில்லை. இரண்டு பேரும் போனால் சண்டைக்கு வந்தது போலிருக்கும் என்றாள். அதிரசத் தூக்குவாளியை மஞ்சள் துணியில் வைத்து, முடிச்சை இறுக்கி, மகள் மடியில் கொடுத்தாள். பின்சீட்டில் உட்கார்ந்த சத்யபிரியா பைபாஸ் தாண்டும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தமில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்தது.

சுருளிவேல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முள்ளைப் பார்த்தார். எண்பது. கண்ணாடியைப் பார்த்தார், அழுகை. எண்பத்தைந்து. இந்தப் பக்கம் கத்திரி வெயில், அந்தப் பக்கம் காய்ந்த சோளக்கொல்லை. முள் தொண்ணூறைத் தொட்டது. நிறுத்தலாமா என்று நினைத்தார். நிறுத்தினால் அவள் முகத்துக்கு நேரே உட்கார வேண்டியிருக்கும், அதனால் ஓட்டினார்.

செம்பட்டி தாண்டியதும் அழுகை நின்றது. சத்யபிரியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் முள்ளும் இறங்கத் தொடங்கியது. எண்பது, எழுபது. சுருளிவேலுக்கு எத்தனையோ மாதம் கழித்து மூச்சு முழுதாக வந்தது. எல்லாம் சரியாகிவிடும். புருசன் பொண்டாட்டி என்றால் நாலும் இருக்கும். பிள்ளை தெளிந்துவிட்டாள். அவருக்குச் சந்தோசமாகவே இருந்தது.

"பாத்தியா பாப்பா, செம்பட்டி தாண்டவும் காத்து நல்லா வருது. வண்டியே குளுந்துருச்சு."

அவள் முன்னால் சாய்ந்து மீட்டரைப் பார்த்தாள். முள் ஐம்பதுக்குக் கீழே கிடந்தது.

"அப்பா, நிறுத்துங்க."

"ஏன்?"

"தீஞ்ச வாடை வருது. உள்ள தண்ணி இல்லப்பா."

புளியமரத்தடியில் ஓரம்கட்டி பானெட்டைத் தூக்கினார். அனல் முகத்தில் அடித்தது. கீழ் ஹோஸ் வாயைப் பிளந்திருந்தது. தண்ணீரெல்லாம் வழி நெடுக ஒழுகிப்போய், இஞ்சின் வறட்டுச் சட்டியாகக் காய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் அவ்வளவுதான், இறுகிப் பூட்டிக்கொண்டிருக்கும். சத்யபிரியா டிக்கியிலிருந்த கேனை எடுத்துப் போய், தோட்டத்துப் பம்புசெட்டில் பிடித்து வந்தாள்.

"இப்ப ஊத்தக் கூடாது. ஹெட்டு வெடிச்சுரும். தானா ஆறணும்" என்றார்.

வேறு வழியில்லாமல் இருவரும் மரத்தின் வேரில் உட்கார்ந்தார்கள். சூடு தணியும் இரும்பு டிக், டிக் என்று சொடுக்குவிட்டது. அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். செம்பட்டியிலிருந்து அது ஒரு பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. சற்றுமுன் அவரைச் சந்தோசப்படுத்திய அந்த முகம் இப்போது பயமாயிருந்தது. கம்பம் ரோட்டில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

"சத்யா" என்றார். "அங்கிட்டு என்னதாம்மா நடக்குது?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கேக்கவே மாட்டீகன்னு நெனச்சேம்ப்பா."

காரிலிருந்து இறக்கி வைத்திருந்த தூக்குவாளியை மடிக்கு இழுத்தாள். அம்மா போட்ட முடிச்சு விரலுக்கு அசையவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். மூடியைத் திறந்து, மேலாக இருந்த அதிரசத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக் கடித்தாள். மெல்லும்போதே கண்ணில் நீர் திரண்டது.

வத்தலக்குண்டு பஸ் ஒன்று தூக்கிய பானெட்டைப் பார்த்து வேகம் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "வத்தலக்குண்டா? ஏறுறீகளா?" என்றான்.

சுருளிவேல் எழுந்திருக்கவில்லை. அதிரசம் பிடித்திருந்த கையாலேயே, போ போ என்று ஆட்டினார்.