நீல ஃபைல்

டிங், டிங், டிங்.

முதலாளி அறையில் மேஜை மணி மூன்று தடவை அடித்தது. ஒரு தடவை அடித்தால் சமையல்கட்டு, இரண்டு என்றால் துர்காதேவி, மூன்று என்றால் யோகலட்சுமி. வளவு முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

காரைக்குடியில் அந்தப் பெரிய வீடு இப்போது ஹோட்டல். யோகலட்சுமி அதன் ரிசப்ஷனில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அவளுடைய முதல் வேலை.

முதலாளி அழகுசுந்தரம் போனில் பேசிக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மேஜையில் கிடத்தி ஸ்பீக்கரில்தான் பேசுவார். காய்கறிக்காரர் கெஞ்சுவதும் வீட்டம்மா திட்டுவதும் வளவு முழுக்கக் கேட்கும். பேச்சு முடியும்வரை அவளை நிற்க வைத்துவிட்டு, சிரித்த முகமாகக் கேட்டார்.

“சென்னையில ஏதோ கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கீகளாம்ல மேடம்? நம்ம ஹோட்டல் அம்புட்டுக் கசந்துபோச்சா?”

அவள் அதை முந்தாநாள்தான் அனுப்பினாள். அதற்குள் இவருக்கு எப்படித் தெரிந்தது?

மேஜையில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. அவள் சேர்ந்தபோது அதே வேலைக்கு வந்த விண்ணப்பங்கள். தூக்கிப் போட வேண்டியதை ஏழு மாதமாக அங்கேயே வைத்திருந்தார். அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டி, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அவளும் சும்மா வந்து மாட்டிக்கொள்ளவில்லை. இன்ஜினியரிங் முடித்த கையோடு சென்னைக் கம்பெனி ஒன்று வேலை கொடுத்தது. சேரும் தேதியை மூன்று முறை தள்ளிப்போட்டது. கடைசியில் இரண்டு வரி மெயிலில் கையைக் கழுவிவிட்டது. அதன்பிறகு ஒன்றரை வருடம், போட்ட விண்ணப்பங்கள் கிணற்றில் போட்ட கல்தான். கண்டரமாணிக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பா பொன்னழகு வயலிலிருந்து வந்து காபி டம்ளரோடு வெளியே நிற்பார். கதவைத் தட்டமாட்டார். காபி ஆறியதும் தானே குடித்துவிட்டுப் போவார்.

வேலையில் சேர்ந்த அன்று அப்பாவும் கூட வந்தார். அழகுசுந்தரம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, இனிமேல் இது எங்கள் வீட்டுப் பிள்ளை என்றார். அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்கள் இருந்த நீல ஃபைலை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். பத்திரமாக இருக்குமாம். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த சீராட்டு வேறு. தங்கிப்போன விருந்தாளி யாராவது இணையத்தில் நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டால், அன்று அந்த விருந்தாளியைக் கவனித்தவர் வளவின் நடுவில் நின்று, எல்லார் முன்னாலும் அந்த விமர்சனத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ‘ரிசப்ஷன் பெண்ணுக்குச் சிரிக்கவே தெரியவில்லை’ என்பதை யோகலட்சுமி மூன்று தடவை வாசித்தாள். முதல் தடவை குரல் கேட்கவில்லையாம். இரண்டாவது தடவை அழுகை கலந்துவிட்டதாம். அவளுக்கு முன்பு அங்கே இருந்த அகல்யா சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டாள். ஆறு மாதம் நடையாய் நடந்த பிறகுதான் அவளுடைய சான்றிதழ்கள் கைக்கு வந்தன.

சென்னை விண்ணப்பத்தைப் பற்றி ஹோட்டலில் துர்காதேவி ஒருத்திக்குத்தான் தெரியும். பக்கத்து மேஜை, ஒரே டிபன் பாக்ஸ். அவளாக இருக்குமோ என்று நினைத்ததிலிருந்து யோகலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பொய்யை விட்டுப் பார்த்தாள். திருச்சியில் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் சேரப் போவதாக அவளிடம் மட்டும் சொன்னாள். மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கவில்லை.

அடுத்த வாரம் அடித்தது.

“பொங்கலோட நின்னுக்கிறப் போறீகளாம். சொல்லிட்டுப் போங்க, மாலை மருவாதையோட அனுப்பி வைக்கிறோம்.”

இதைத் துர்காதேவியிடம் அவள் மூச்சுகூட விடவில்லை. வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் புலம்பியதைத் தவிர வேறு எங்கும் வாய் திறக்கவில்லை. ரிசப்ஷனுக்கு மேலே இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தாள். அதற்குக் காதும் உண்டோ? ஹோட்டல் வைஃபை வழியாகப் போனுக்குள் புகுந்துவிட்டாரோ? அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறும்வரை போனை அணைத்தே வைத்தாள். துர்காதேவி நீட்டிய வடையைக்கூட வேண்டாம் என்றாள். “என்னடி, விஷமா வச்சிருக்கேன்?” என்று அவள் கேட்டது சிரிப்பா கோபமா என்று புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை நேர்முகத் தேர்வு. ஒரிஜினல் சான்றிதழ்கள் இல்லாமல் வர வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. கல்விக்கடன் கொடுத்த வங்கியில் ஒரிஜினலைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள், சனிக்கிழமை திருப்பித் தந்துவிடுகிறேன் என்று முதலாளியிடம் ஒரு பொய்யை ஜோடித்தாள். வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார், மறுபேச்சில்லாமல். அந்தச் சம்மதமே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை அப்பா எக்ஸெல் வண்டியில் அவளைப் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். சாயங்காலமே கோயம்புத்தூர் பஸ் ஏறவேண்டும். இனியும் மறைக்க முடியாது. வங்கிப் பொய் உட்பட எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் துண்டை எடுத்து ஹேண்டில்பாரை அழுத்தித் துடைத்தார். சுத்தமாக இருந்ததையே திரும்பவும் துடைத்தார். “பாத்துப் போயிட்டு வா தாயி” என்று மட்டும் சொன்னார்.

பதினோரு மணிக்கு மூன்று தடவை மணி அடித்தது.

அழகுசுந்தரம் அலமாரியைத் திறந்து நீல ஃபைலை எடுத்தார். தூசி தட்டினார். புரட்டிப் பார்த்தார். எந்த வங்கி, எந்தக் கிளை, மேனேஜர் பெயர் என்ன என்று கேட்டார். அவள் தடுமாறாமல் சொன்னாள். கடைசியில் ஃபைல் அவள் கைக்கு வந்தது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவர் முதுகைத் திருப்பி, கனத்த சாவிக்கொத்தோடு அலமாரியின் கீழ்ப்பூட்டுக்குக் குனிந்த நேரத்தில் மேஜைமேல் இருந்த போன் அலறியது.

யாரென்று பார்த்து ஸ்பீக்கரைப் போடச் சொன்னார், நிமிராமலே.

திரையில் பெயர் இல்லை. ‘கண்டரமாணிக்கம்’ என்று ஊர்தான் இருந்தது. நம் ஊரிலிருந்து இவரோடு பேச யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபடியே பட்டனை அழுத்தினாள்.

“முதலாளி, பொன்னழகு பேசுறேன்... பாப்பா பேங்குக்குன்னு சொல்லி சர்ட்டிபிகேட்டக் கேக்கும், குடுத்துறாதீக, நாளைக்குக் கோயமுத்தூருக்கு இன்டர்வியூவுக்குப் போகப்போகுது. அதுவும் கிடைக்காம இந்த வேலையும் போயிருச்சுன்னா, எம்புள்ள மறுபடியும் கதவச் சாத்திக்கிட்டுப் படுத்துருமய்யா.”