விழுந்தால் திறக்கும் கொக்கி

1

இந்தக் கதை போன வியாழக்கிழமை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது என்று சொல்லலாம். சொன்னால் அது பாதிப் பொய். பிறந்து நாற்பத்தொரு வருடமாகிறது. அழைத்த பட்டறைக்காரம்மா அதைத் தட்டி எழுப்பினார், அவ்வளவுதான்.

பழைய மரப்பெட்டிகளைச் சீர்செய்து தருபவர் அவர். தாத்தா ஊர் ஊராகத் தூக்கி அலைந்து, அப்பாவுக்கு வந்த தேக்குப் பயணப்பெட்டியை அவரிடம் கொடுத்திருந்தேன். பாகம் பிரித்தபோது வீடு எனக்கு வந்தது. "எ-எனக்கு அந்தப் பெட்டி போதும்ணே" என்றான் தம்பி. வெளியூருக்குப் படிக்கப் போகும் மகளுக்குத் தரவேண்டுமாம். "நானே சரி பண்ணித் தர்றேன்டா" என்று பெரிய மனுஷன் மாதிரி பெட்டியை வாங்கிவந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மூலைகளில் பித்தளைத் தகடுகள் கறுத்துக் கிடந்தன. ஒரு காலத்தில் அவை—"

[வேண்டாம். பித்தளையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறவன் எதையோ மறைக்கிறான்.]

இரண்டாம் தொடக்கம்: "அந்தப் பெட்டிக்குள் ஒரு எலி குடியிருந்தது."

[மூன்று பக்கம் எழுதிவிட்டேன். நல்ல எலி. அதற்குக் குடும்பம்கூட வைத்தேன். பிறகு கிழித்தேன்.]

மூன்றாவது, நடந்தது நடந்தபடி:

"சார், மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த துணிய உரிச்சுட்டேன். அடியில பலகை பூரா கீறல். எலி கிலி வளத்தீங்களா உள்ள?"

"இருக்கும்மா. பழைய பெட்டிதானே."

"எலின்னா மூலையத்தான் குடையும். இது நடுவுல இருக்கு. நாலு நாலு கோடா." பலகையை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. "இழைச்சு எடுத்துடவா, அப்படியே விட்டுடவா? இழைச்சா திரும்ப வராது."

"யோசிச்சு சொல்றேன்."

"சனிக்கிழமை வார்னிஷ். அதுக்குள்ள சொல்லிடுங்க."

3

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வாக்கியம் உண்டு. அப்பா செய்தது. 'விளையாடும்போது கொக்கி தானா மாட்டிக்கிச்சு.' உறவுக்காரர்களுக்கும் வைத்தியருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இதே வாக்கியம்தான்.

தமிழில் இந்தக் 'கொள்' ரொம்ப இரக்கமுள்ள சொல். கதவு சாத்திக்கொள்ளும், சக்கரம் சிக்கிக்கொள்ளும். செய்தவன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். கொக்கி மாட்டிக்கொண்டது. தம்பி மாட்டிக்கொண்டான். மாட்டியவன் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போனேன். பசை, மரத்தூள், உப்புத்தாள் குவியல். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவர் பெட்டியை எனக்கு முன்னால் மூடிக் காட்டினார்.

"இந்தக் கொக்கியப் பாருங்க. இது கீழ்ப்பெட்டியில அடிச்சிருக்கு. தூக்கி மூடியில மாட்டணும். விழுந்தா தொறக்கும் சார், மூடாது."

"ஆடி ஆடி மாட்டியிருக்கலாமே?"

"பத்து தடவ மூடிப் பாத்துட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒண்ணும் கேக்கல சார். வேலைக்கு வேண்டியத சொன்னேன்."

(அடிக்குறிப்பு போல ஒன்று: அந்தத் துணியை ஒட்டியது அப்பா. அந்த வாக்கியம் பிறந்த அதே வாரத்தில். ஆயுசுக்கும் அந்தக் கொக்கியைத் தூக்கி மாட்டியவருக்கு அது தானாக மாட்டாது என்று தெரியாதா? என் முகத்தைப் பார்க்காமல் பசை தடவிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தின் முதல் கதாசிரியர் அவர்தான்.)

4

அண்ணன் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவனைப் படர்க்கையில் எழுதிப் பார்த்தேன்: "அண்ணனுக்குப் பதினொன்று, தம்பிக்கு ஆறு. அண்ணன் கெட்டவனில்லை, ஆனால்—"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்வதுபோல இருந்தது. அடித்துவிட்டேன்.

நான் பந்தாடப் போகவேண்டும். அவன் நானும் வருவேன் என்று சட்டையைப் பிடித்துத் தொங்கினான். "பெட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கோ, நூறு வரைக்கும் எண்ணிட்டு வந்து தேடுறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே படுத்தான். கொக்கியைத் தூக்கி மாட்டினேன். கோபமெல்லாம் இல்லை. தொல்லை விட்டது என்றிருந்தது. பிறகு மறந்துபோனேன்.

[மறந்தேன். 'போனேன்' எதற்கு?]

இரண்டாவது ஆட்டமும் ஆடினேன். வேலை முடிந்து வந்த அம்மா திறந்தபோது அவன் நகங்களில் ரத்தம். பலகையில் ஒரு விரிசல் இருந்ததால் மூச்சு மிஞ்சியது. பேச்சு நான்கு மாதம் கழித்து வந்தது, திக்கித் திக்கி. இன்றைக்கும் அப்படித்தான். அது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், அவனை முந்திக்கொண்டு அந்த வாக்கியத்தை நான் சொல்லிவிடுவேன். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு அ: பலகையை இழைத்தாயிற்று. தம்பி மூடியைத் தடவிப் பார்த்து, "பு-புதுசு மாதிரி இருக்குண்ணே" என்கிறான். எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம்.

முடிவு ஆ: இழைக்கவில்லை. அவன் மூடியைத் திறக்கிறான். கீறல்களின் மேல் விரல்களை வைத்து—

[முடியவில்லை.]

முடிவு இ: அவனுக்கு எப்போதோ தெரியும். அதனால்தான் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கேட்டான்.

[எழுத்தாளன் புத்தி எங்கே போகும்? ஆனாலும் இதை மட்டும் கிழிக்கவில்லை.]

6

இன்று சனிக்கிழமை. காலையிலேயே பட்டறைக்காரம்மா அழைத்துவிட்டார். "வார்னிஷ் கலக்கி வச்சுட்டேன் சார். என்ன பண்ணட்டும்?"

"பெட்டி என்னுது இல்லம்மா. சொந்தக்காரன்கிட்ட கேட்கணும்."

வாசகரே, இதுவரை உங்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். இனி நீங்கள் கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டும். என் எழுத்தை உங்களுக்கு முன்னால் படிப்பவர் ஒருவர் இருக்கிறார். மெய்ப்புத் திருத்துபவர். வாயைத் திறக்க வேண்டாத வேலை என்று தேடிப் பிடித்தார். ஒற்று விட்டுப்போனால் சிவப்பு மையில் போடுவார். இருபது வருடமாக நான் எழுதிய பொய்களை ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

'அவர்' என்று எழுதுவதும் ஒளிவதுதான்.

தம்பி, கொக்கி மாட்டிக்கொள்ளவில்லை. நான் மாட்டினேன். மாட்டிவிட்டு மறந்தேன். மன்னிப்புக் கேட்டு இதை முடித்தால் முடிவையும் நானே எடுத்துக்கொண்டதாகிவிடும். இழைப்பதா விடுவதா, பெட்டியை வாங்கிக்கொள்வதா வேண்டாமா, என்னிடம் இனிப் பேசுவதா, எல்லாம் உன் இஷ்டம். பட்டறை எண்ணைக் கடைசித் தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். நீ சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். எவ்வளவு நேரமானாலும் போனை வைக்கமாட்டேன் என்றார்.